அழகு இருக்கட்டும்... எரியுதா பாஸ்?

செமஸ்டர் எல்லாம் ஒருவழியா முடிஞ்சிருக்கும். அந்தக் கசப்பை மறக்க ஒரு குட்டி க்விஸ். 'லஸ் கார்னர்ல வெயிட் பண்ணு மச்சி'ன்னு ஆயிரம் தடவை சொல்லியிருப்பீங்க. அந்த 'லஸ்'னா என்ன? யாரோ வெள்ளைக்கார துரையோட பேரா?

அதான் இல்லை! அது ஒரு போர்த்துக்கீசிய வார்த்தை. அர்த்தம், வெளிச்சம். மயிலாப்பூர்ல நம்ம பாட்டி, தாத்தாக்கள் 'காட்டுக் கோயில்'னு சொல்ற லஸ் சர்ச்தான் அந்தப் பேருக்குச் சொந்தக்காரர். பிரகாச மாதா ஆலயம். 1516-ல் கட்டினதா அங்கே இருக்கிற கல்வெட்டு சொல்லுது. நடுக்கடலில் திசை தெரியாமத் தவிச்ச மாலுமிகளுக்கு கரையில் ஒரு வெளிச்சம் தெரிஞ்சுதாம். அதைப் பிடிச்சுக்கிட்டே வந்தவங்க, அந்த வெளிச்சம் மறைஞ்ச இடத்துல கட்டின ஆலயம் இதுன்னு ஒரு கர்ண பரம்பரைக் கதை. ஸோ, இனிமே பஸ்ல 'ஒரு வெளிச்ச முனை குடுங்க'ன்னு டிக்கெட் கேட்கலாம். (கண்டக்டர் திட்டினா நான் பொறுப்பில்லை.)

டிசம்பர் வந்துட்டா இந்த ஏரியா முழுக்க வெளிச்சம்தான். சாந்தோம்ல ஸ்டார் தொங்கும். பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கோயில் வாசல்ல மெழுகுவர்த்திக் கடைகள்ல கூட்டம் அள்ளும். தி.நகர் பாண்டி பஜாரில் ரோஜா, ஸ்னோமேன், கிறிஸ்மஸ் மரம்னு விதவிதமான மெழுகுவர்த்திகள் கண்ணைப் பறிக்கும். பார்த்த உடனே நம்ம கை சும்மா இருக்குமா? 'இதை நாமளே செஞ்சா என்ன?'ன்னு லீவுல ஒரு பெரும்படை கிளம்பும். ஃப்ரெண்ட்ஸுக்கு கிஃப்ட், காலேஜ் ஸ்டால்ல விற்பனை, வீட்டு ஷோகேஸ்ல பந்தா... ஆளுக்கு ஒரு காரணம்.

கிளம்புங்க, தப்பே இல்லை. ஆனா ஒரே ஒரு கேள்வியை மட்டும் பாக்கெட்ல போட்டுக்கிட்டுக் கிளம்புங்க: நீங்க செய்யப்போறது ஒழுங்கா எரியுமா?

ஃபாரடே அண்ணாச்சியின் கிறிஸ்மஸ் கிளாஸ்

இந்தக் கேள்வியை நமக்கு முன்னாடியே ஒருத்தர் கேட்டுட்டார். மைக்கேல் ஃபாரடே. ஆமாம், ப்ளஸ் டூ ஃபிசிக்ஸ்ல நம்மைப் பாடாய்ப் படுத்தினவரேதான். காலேஜ் வாசலையே மிதிக்காத மனுஷன். புத்தகம் பைண்ட் பண்ற கடையில் வேலை கத்துக்கிட்டே, பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைப் படிச்சுப் படிச்சு விஞ்ஞானி ஆனவர். லண்டன்ல ராயல் இன்ஸ்டிட்யூஷன்ங்கிற இடத்துல 1825-ல் இருந்து சின்னப் பசங்களுக்காக கிறிஸ்மஸ் சொற்பொழிவுகள் நடக்குது. அங்கே 1848-லும், மறுபடி 1860-லும் ஃபாரடே எடுத்துக்கிட்ட தலைப்பு, மெழுகுவர்த்தி! ஒரு மெழுகுவர்த்தியை வச்சுக்கிட்டு ஆறு லெக்சர். நம்ம ஆளுங்க ஒரு லெக்சரையே தாங்க மாட்டாங்க.

முதல் நாளே ஒரு சூப்பர் மேட்டர் சொன்னார். மெழுகுவர்த்தி எரியும்போது தலையில் ஒரு குட்டிக் கிண்ணம் உருவாகுது, கவனிச்சிருக்கீங்களா? சூட்டில் காற்று மேலே எழும்ப, சுத்தியிருக்கிற குளிர்ந்த காற்று பக்கவாட்டுல ஏறி வந்து மெழுகோட ஓரத்தைக் குளிர வைக்குது. ஓரம் உருகாம நிக்குது, நடுவுல உருகினது கிண்ணத்துல தேங்குது. திரி அதைக் கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சுது. ஆனா, உடம்பெல்லாம் வரி வரியா வேலைப்பாடு செஞ்ச ஃபேன்ஸி மெழுகுவர்த்தியில் ஓரம் ஒரே சீரா இருக்காது. கிண்ணம் உடையும், மெழுகு வழிஞ்சு ஓடும். பார்க்க அழகா இருக்கிறதைவிட வேலையை ஒழுங்கா செய்யறதுதான் நமக்கு நல்லதுங்கிறதுதான் அன்னிக்கு அவர் பசங்களுக்குச் சொன்ன பாடம். டிசைன் படிக்கிற எல்லோரும் நோட்ல எழுதி வச்சுக்க வேண்டிய விஷயம்.

இன்னொரு மேஜிக்கும் செஞ்சு காட்டினார். நீங்களும் ட்ரை பண்ணலாம். நல்லா எரிஞ்சுக்கிட்டிருக்கிற மெழுகுவர்த்தியை மெதுவா ஊதி அணைங்க. திரியில் இருந்து வெள்ளையா ஒரு புகை எழும்பும். எரியற தீக்குச்சியை அந்தப் புகையில் காட்டுங்க, திரியைத் தொட வேண்டாம். ஒரு இன்ச், ரெண்டு இன்ச் தள்ளி இருந்தே தீ 'டபக்'னு கீழே தாவிப் பத்திக்கும். ஏன்னா, அந்தப் புகை மெழுகோட ஆவி. மெழுகுவர்த்தியில் எரியறது கட்டி மெழுகு இல்லை, உருகின மெழுகும் இல்லை, இந்த ஆவிதான். கட்டி உருகி, உருகினது திரியில் ஏறி, ஏறினது ஆவியாகி எரியணும். நடுவுல எங்கே தடங்கல் வந்தாலும் கதை கந்தல்.

மணலியில் இருந்து மயிலாப்பூர் வரை

சரி, மெழுகு எங்கே இருந்து வருது? நம்ம ஊர்ல இருந்தேதான். கச்சா எண்ணெயில் இருந்து இன்ஜின் ஆயில் மாதிரி ரகங்களைப் பிரிக்கும்போது, அதில் இருக்கிற மெழுகை எடுத்தாகணும். இல்லேன்னா குளிர்ல ஆயில் உறைஞ்சு மக்கர் பண்ணும். அப்படி எடுக்கிறதுதான் பாரஃபின் மெழுகு. 1965-ல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ்னு ஆரம்பிச்சு, இப்போ சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன்னு பேர் மாறின மணலி ஆலையில் இதுக்குன்னே ஒரு பிரிவு இருக்கு. வருஷத்துக்கு 30,000 டன் மெழுகு தயாரிக்கிற அளவுக்கு அமைச்சது. தீப்பெட்டித் தொழிலுக்கான மெழுகும் அதே மாதிரி ஆலைகளில் இருந்துதான் போகுது. தீக்குச்சி மருந்து எரிஞ்சதும் குச்சி அணையாம இருக்கிறது அதில் தோய்ச்ச மெழுகாலதான். ஆக, ஏத்துறதும் மெழுகு, ஏறுறதும் மெழுகு.

கடையில் கேட்கும்போது சும்மா 'மெழுகு'ன்னு கேட்காதீங்க. '58-60 பாரஃபின்'னு கேளுங்க. அது உருகுற டிகிரி. அதைவிடக் குறைஞ்ச டிகிரியில் உருகுறதை வாங்கினா, நம்ம ஊர் மே மாச வெயிலுக்கு ஷோகேஸ் ஸ்னோமேன் முதுகு வளைஞ்சு கும்பிடு போடுவார்.

எவ்வளவு மெழுகு வேணும்? இதுக்கு ஒரு டெக்னிக். உங்க அச்சுல தண்ணி ஊத்தி எத்தனை மில்லி பிடிக்குதுன்னு அளங்க. அதை 0.9-ஆல் பெருக்குங்க. அத்தனை கிராம் மெழுகு போதும். 200 மில்லி அச்சுக்கு 180 கிராம். அளந்து முடிச்சதும் அச்சை ஈரமே இல்லாமத் துடைச்சுடுங்க. உள்ளே தண்ணித்துளி மாட்டினா எரியும்போது 'பட்பட்'னு வெடிச்சுத் தெறிக்கும்.

அடுப்புல விளையாட்டு வேண்டாம்

இப்போ கொஞ்சம் சீரியஸா கேளுங்க. மெழுகு உருக்குற பாத்திரத்தை நேரா அடுப்புல வைக்கவே கூடாது. பெரிய பாத்திரத்துல தண்ணி கொதிக்கணும், அதுக்குள்ளே சின்னப் பாத்திரத்துல மெழுகு இருக்கணும். ஏன்? திறந்த பாத்திரத்துல தண்ணி 100 டிகிரியைத் தாண்டாது. அதனால மெழுகும் தாண்டாது. ஓசியில் கிடைச்ச தெர்மோஸ்டாட்! நேரடி நெருப்புல வச்சுட்டு நீங்க ரீல்ஸ் பார்க்கப் போனா, மெழுகு 200 டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டுல அதோட ஆவி தீப்பொறி பட்டாலே பத்திக்கும். ஹீட் டிரான்ஸ்ஃபர்ல அரியர் வச்சிருக்கிறவங்களுக்குக்கூட இது புரியும்தானே? வெளிப் பாத்திரத்துல தண்ணி வத்திடாமப் பார்த்துக்கிறது மட்டும் உங்க பொறுப்பு.

அப்படியும் பத்திக்கிச்சுன்னா? தண்ணி மட்டும் ஊத்தாதீங்க. கொதிக்கிற மெழுகுக்குள்ளே போற தண்ணி நொடியில் நீராவியாகி சுமார் 1,700 மடங்கு விரியும். எரியற மெழுகை அள்ளிக் கூரைக்கும் உங்க முகத்துக்கும் வீசும். அடுப்பை அணைச்சுட்டு, பாத்திரத்தைத் தட்டால் மூடுங்க. காத்து இல்லேன்னா தீ இல்லை. அவசரப்பட்டுப் பாத்திரத்தைத் தூக்கிக்கிட்டு வெளியே ஓடறதும் கூடாது.

கையில் சூடா மெழுகு பட்டா, பேஸ்ட், இங்க், இட்லி மாவுன்னு பாட்டி வைத்தியம் வேண்டாம். குழாய்த் தண்ணியில் 20 நிமிஷம் காட்டுங்க. ஒட்டின மெழுகை இழுத்துப் பிய்க்காதீங்க, தோலும் கூடவே வரும். பெரிய காயம்னா 108. துப்பட்டா, பாலியஸ்டர் சட்டைக்கெல்லாம் அன்னிக்கு ஒருநாள் லீவு, காட்டன் போதும். ஹாஸ்டல் ரூம்ல வார்டனுக்குத் தெரியாம இண்டக்‌ஷன் வச்சு உருக்குற வீரசாகசம்? நோ சான்ஸ். மெத்தை, நோட்டு, கயித்துல தொங்குற துணி... அந்த ரூமே ஒரு பெரிய திரி பாஸ்.

திரிதான் ஹீரோ

'வீட்ல விளக்குத் திரி கட்டுக் கட்டா இருக்கே, அதையே போட்டுடலாமா?' எல்லோருக்கும் வர்ற ஐடியா. வேலைக்கு ஆகாது. குத்துவிளக்குத் திரி லேசா முறுக்கின பஞ்சு. எண்ணெய்க்கு அது ஓகே. அப்பப்போ தூண்டிவிட பாட்டி பக்கத்துலயே இருப்பாங்க. மெழுகுவர்த்திக்கு யார் தூண்டிவிடறது? அந்தக் காலத்துல மெழுகுவர்த்தித் திரியும் முறுக்குத் திரிதான். கரி பிடிச்ச நுனியைக் கத்தரிச்சுக்கிட்டே இருக்கணும். 1825-ல் கம்பாசெரெஸ்ங்கிற பிரெஞ்சுக்காரர் ஒரு வழி பண்ணினார். நூலை ஜடை மாதிரிப் பின்னிட்டார், அவ்வளவுதான்! பின்னின திரி எரிய எரிய லேசா வளையும். நுனி தீயோட ஓரத்துக்கு வந்து தானாவே சாம்பலாகிடும். கத்தரிக்கோலுக்குப் பெரும்பாலும் வேலையில்லை. ஆக, கடையில் 'பின்னின காட்டன் திரி'ன்னு கேட்டு வாங்குங்க. உருகின மெழுகுல ஒரு முக்கு முக்கி, நேரா இழுத்துக் காய வச்சா விறைப்பா நிக்கும்.

தடிமன் முக்கியம். ஒல்லி மெழுகுவர்த்திக்கு ஒல்லித் திரி, குண்டுக்குக் குண்டு. ஏத்தி விட்டுப் பாருங்க. நடுவுல கிணறு மாதிரி குழி விழுந்து தீ உள்ளே மூழ்கினா, திரி ஒல்லி. தீ நீளமா ஆடி, கறுப்பாப் புகைஞ்சா, திரி குண்டு. இன்ச்சுக்கு ஒரு மணி நேரம்னு ஒரு கணக்கு உண்டு. ரெண்டு இன்ச் அகல மெழுகுவர்த்தின்னா ரெண்டு மணி நேரத்துல உருகின குளம் கிட்டத்தட்ட ஓரத்தைத் தொடணும்.

ஊத்தலாம் வாங்க!

அச்சுக்குக் காசு செலவு பண்ணாதீங்க. காலி ஜூஸ் டப்பா, பேப்பர் கப், பி.வி.சி. குழாய்த் துண்டு, எல்லாமே ஓகே. வாட்டர் பாட்டில் மட்டும் வேண்டாம், சூடான மெழுகு பட்டாலே நெளிஞ்சு சுருங்கிடும். உள்ளே லேசா எண்ணெய் தடவுங்க. அடியில் ஓட்டை போட்டுத் திரியைக் கோத்து, களிமண்ணால அடைங்க. மேலே ஒரு ஐஸ்கிரீம் குச்சியைக் குறுக்கே வச்சு, திரியைக் கட்டி விறைப்பா நிறுத்துங்க. நடு சென்ட்டர்ல இருக்கணும், கொஞ்சம் சாஞ்சாலும் ஒரு பக்கமா வழியும்.

உருகின மெழுகை உடனே ஊத்தாதீங்க. அடுப்புல இருந்து இறக்கி, பாத்திரத்தோட ஓரத்துல வெள்ளையா ஒரு கோடு கட்ட ஆரம்பிக்கும்போது ஊத்துங்க. மெழுகு உறையும்போது சுருங்கும். அதனால திரியைச் சுத்திப் பள்ளம் விழும். பயப்படாதீங்க, எல்லா மெழுகுக்கும் இதான் விதி. அதுக்குத்தான் கொஞ்சம் மெழுகைத் தனியா எடுத்து வைக்கணும். பள்ளம் விழுந்ததும் குச்சியால ரெண்டு குத்து குத்திட்டு மறுபடி ஊத்துங்க. ராத்திரி முழுக்க ஆற விடுங்க. அவசரத்துக்கு ஃப்ரீஸர்ல வச்சா வெளியே சட்டுனு இறுகி, உள்ளே சூடா இருந்து, விரிசல் விட்டுடும்.

மிச்சமான மெழுகை சிங்க்ல ஊத்தினா, பிளம்பர் வருவார், அப்புறம் அம்மாவும் வருவாங்க. பாத்திரம் சூடா இருக்கும்போதே பழைய பேப்பரால துடைச்சுடுங்க.

இப்போ அழகு

கலருக்கு, கேசரி பவுடரை நம்பாதீங்க. அது தண்ணியில் கரையறது, மெழுகுல கரையாது. க்ரேயான்ஸ் உருக்கிப் போட்டா கலர் சூப்பரா வரும், ஆனா அந்தத் தூள் திரியை அடைச்சுத் தீயை அழ வைக்கும். மெழுகுக்குன்னே விற்கிற, எண்ணெயில் கரையற சாயம் கேட்டு வாங்குங்க. வாசனைக்கு உடம்புல அடிக்கிற ஸ்ப்ரே எல்லாம் தொடவே கூடாது, அதுல இருக்கிறது ஆல்கஹால். மெழுகுக்கான வாசனை எண்ணெய், அதுவும் 100 கிராமுக்கு மூணு, நாலு மில்லி. அதுக்கு மேல வேண்டாம்.

ஈஸியா ஒரு டிசைன் சொல்லவா? நடுவுல ஒரு ஒல்லி மெழுகுவர்த்தியை நிறுத்தி, சுத்தி ஐஸ் கட்டிகளைப் போட்டு மெழுகை ஊத்துங்க. ஐஸ் உருகி, அந்த இடமெல்லாம் ஓட்டை ஓட்டையா, பவளப்பாறை மாதிரி வரும். தண்ணியை வடிச்சு ரெண்டு நாள் நல்லாக் காய விடணும். பார்க்கச் செம, ஆனா ஓட்டை வழியா மெழுகு வழியும். ஃபாரடே அன்னிக்குச் சொன்ன அதே பிரச்னை! ஆழமான தட்டுல வச்சே ஏத்துங்க.

சர்ச்சுக்குப் போற ஃப்ரெண்டுக்குக் குடுக்கவா? திருவருகைக் கால செட் செய்யலாம். மூணு ஊதா, ஒண்ணு ரோஜா நிறம், நடுவுல ஒரு வெள்ளை. கிறிஸ்மஸுக்கு முந்தின நாலு ஞாயிறுகளுக்கு ஒவ்வொண்ணா ஏத்துவாங்க, மூணாவது ஞாயிறுக்கு ரோஜா, கிறிஸ்மஸுக்கு வெள்ளை. ஒரு அலங்காரமும் இல்லாமலே ஒரு அர்த்தம் இருக்கு பாருங்க.

சமிக்கி, ரிப்பன், காய்ஞ்ச பூ, பட்டை, பேப்பர் ஸ்டார்... இதெல்லாம் மெழுகுவர்த்தி உடம்புல ஒட்டினா, ஒவ்வொண்ணும் ஒரு எக்ஸ்ட்ரா திரி. தீ அதுவரைக்கும் இறங்கினதும் அதுவும் பத்திக்கும். அலங்காரத்தைத் தட்டுக்கு வெளியே வைங்க. கொட்டாங்குச்சிக்குள்ளே ஊத்துறது இப்போ ஃபேஷன். கொட்டாங்குச்சி எப்படி எரியும்னு, அதைப் போட்டு வெந்நீர் வச்ச பாட்டியைக் கேளுங்க. அதுக்குப் பதில், கார்த்திகை தீபத்துக்கு வாங்கி மிச்சமான அகல் விளக்கு வீட்ல இருக்குமே? தீயைத் தாங்கன்னே பிறந்த மண்ணு அது. கண்ணாடி டம்ளர்னா, கடைசி ஒரு சென்டிமீட்டர் மெழுகு மிச்சம் இருக்கும்போதே அணைச்சுடணும். இல்லேன்னா சூட்டுல அடி விரிசல் விடும்.

யார் வீட்டில் எரியப்போகுது?

'அட, ஷோவுக்குத்தானே... யார் ஏத்தப்போறா?'ன்னு கேட்கறீங்களா? நம்ம ஊர் டிசம்பரைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. 2015 டிசம்பர் முதல் வாரம், அடையாறு கரை மீறி கோட்டூர்புரம், சைதாப்பேட்டைக்குள்ளே வந்த வெள்ளம். 2016 டிசம்பர் 12, வர்தா புயல். 2023 டிசம்பர் முதல் வாரம், மிக்ஜாம். ஒவ்வொரு தடவையும் பல ஏரியாக்கள்ல நாள்கணக்கா கரன்ட் இல்லை. போன்ல சார்ஜ் தீர்ந்ததும் வீட்ல எல்லோரும் ஒண்ணைத்தான் தேடுவாங்க. ஷோகேஸ்ல இருக்கிற ரோஜா மெழுகுவர்த்தியும் அன்னிக்கு வேலைக்கு வந்தாகணும். அதை ஏத்தி வைக்கிறது கண் சரியாத் தெரியாத ஒரு பாட்டியா இருக்கலாம். பக்கத்துல ஸ்கிரீன் ஆடிக்கிட்டு இருக்கலாம், குழந்தை தவழ்ந்துக்கிட்டு இருக்கலாம். நீங்க கிஃப்டா குடுக்கிறது ஒரு பொம்மை இல்லை பாஸ், ஒரு தீ.

அதனால ஒரு சின்ன ரூல். பத்து செஞ்சா, அதுல ஒண்ணு உங்களுக்கு. அதை உங்க கண்ணு முன்னாடி, அடி வரைக்கும், தவணை தவணையா எரிச்சுப் பாருங்க. ஒரு தடவைக்கு நாலு மணி நேரத்துக்கு மேல வேண்டாம். ஏத்தறதுக்கு முன்னாடியும் அணைச்சு ஆறினப்புறமும் எடை போட்டு, எத்தனை கிராம் குறைஞ்சுதுன்னு எழுதுங்க. மணிக்கு ஆறு கிராம்னா, 180 கிராம் மெழுகுவர்த்தி 30 மணி நேரம் வரும். இந்தக் கணக்கை ஸ்டால்ல எழுதி வச்சுப் பாருங்க, உங்க மெழுகுவர்த்திதான் முதல்ல காலியாகும். விலை போடும்போது அந்தப் பத்தாவது மெழுகுவர்த்தியோட செலவையும் மத்த ஒன்பதுல சேர்த்துக்கோங்க. நஷ்டமே இல்லை.

குடுக்கும்போது கூடவே ஒரு சீட்டு: 'தட்டுல வச்சு ஏத்தவும். திரியைக் கால் இன்ச்சுக்கு வெட்டவும். தூங்கப் போகும்முன் அணைக்கவும்.' மூணே வரி. 'மெர்ரி கிறிஸ்மஸ்'ஸை அதுக்குக் கீழே அழகா எழுதிக்கோங்க.

வெளிச்சத்தோட அளவுக்கே கேண்டிலான்னுதான் பேர், மெழுகுவர்த்திக்கான லத்தீன் வார்த்தைல இருந்து வந்தது. ஒரு மெழுகுவர்த்தி தர்ற வெளிச்சம் சுமார் ஒரு கேண்டிலா. நம்ம வீட்டு 9 வாட் எல்.இ.டி. பல்புக்கு ஈடு குடுக்க அறுபது, எழுபது மெழுகுவர்த்தி வேணும். ஆனா கரன்ட் போன ராத்திரியில் ஒண்ணே ஒண்ணு போதும், அது ஒழுங்கா எரியணும்.

பத்தாவது மெழுகுவர்த்தி எத்தனை மணி நேரம் தாங்குச்சுன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம். ஹேப்பி ஹாலிடேஸ் மக்களே!